ஐம்பது கோடிக் கோடு

நம் ஓய்வூதியச் சீட்டில் டி.ஏ. என்று அச்சாகி வருகிறதே, அதற்குப் பழைய பெயர் பஞ்சப்படி. 1973இல் நான் வங்கியில் எழுத்தராகச் சேர்ந்தபோது பாரிமுனைக் கிளையின் தலைமைக் காசாளர் அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துவார். சம்பளப் பட்டியலில் படி ஏறியிருப்பதைப் பார்த்து இளைஞர்களான நாங்கள் முகம் மலர்ந்தால், “பேரைக் கவனிங்க தம்பி. பஞ்சம் ஏறினாத்தான் படி ஏறும்” என்பார்.

அடுத்த ஆண்டே அவர் சொன்னது புரிந்தது. 1974 செப்டம்பரில் மொத்த விலைப் பணவீக்கம் 30 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. 1972இன் வறட்சி, வங்கதேசப் போரின் செலவு, 1973 இறுதியில் ஏறத் தொடங்கிப் பல மடங்கான கச்சா எண்ணெய் விலை எல்லாம் ஒன்றுசேர்ந்து வந்த வினை அது. ஜூலையில் ரிசர்வ் வங்கி தன் வங்கி விகிதத்தை 7இலிருந்து 9 விழுக்காடாக உயர்த்தியது. மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, புதிதாக ஏறும் பஞ்சப்படியில் பாதியைக் கட்டாய வைப்பாகப் பிடித்துக்கொண்டது. கையில் வராத காசுக்குக் கணக்கெழுதும் வேலையும் எங்களுக்கே வந்தது. நல்ல மழையும் கைகொடுக்க, 1975-76இல் விலைகள் இறங்கவே செய்தன. வட்டி, பணப்புழக்கம், விலை மூன்றும் ஒரே கயிற்றில் கட்டியவை என்பதை அந்த இரண்டு ஆண்டுச் சம்பளப் பட்டியல்கள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தன.

2025 ஏப்ரல் 1 அன்று ரிசர்வ் வங்கி தொண்ணூறு ஆண்டுகளை நிறைவு செய்தது. நம் சங்க மலரின் குழுவினர் அதன் வரலாற்றை எழுதித் தரச் சொன்னார்கள். கவர்னர்களின் பட்டியலும் கட்டடங்களின் கதையும் எங்கும் கிடைக்கும். நான் எழுத விரும்புவது ஒரே ஓர் ஏற்பாட்டின் கதை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நம் நாட்டின் விலைவாசியை உள்ளிருந்து ஆட்டிவைத்த ஏற்பாடு. வங்கியில் வேலை பார்த்த நம்மில் பலரே அதன் பெயரைக் கேட்டதில்லை.

அதற்குமுன் நம் பக்கத்து மயிலாப்பூருக்கு ஒரு நடை போய்வர வேண்டும். 1906 அக்டோபரில் அர்பத்நாட் கம்பெனி திவாலானபோது சென்னை மாகாணத்தில் பல்லாயிரம் பேர் சேமிப்பை இழந்தார்கள். உயிருள்ள ஒரு வங்கிக்குத் தற்காலிகமாகக் கைகொடுக்கவும், செத்துக்கொண்டிருக்கும் வங்கியை முன்கூட்டியே அடையாளம் காணவும் நாட்டில் ஒரு மைய வங்கி அன்று கிடையாது. அந்த வெந்த மண்ணிலிருந்துதான் மயிலாப்பூர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியில் 1907 ஆகஸ்ட் 15 அன்று இந்தியன் வங்கி பிறந்தது. ரிசர்வ் வங்கி வர 1935 ஆனது. வந்த பிறகும் 1938இல் சென்னையில் தலைமையகம் வைத்திருந்த திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி மூழ்கியபோது, மூன்று வயதுக் குழந்தையான ரிசர்வ் வங்கியால் அதைக் காப்பாற்ற முடியவில்லை. 1949 ஜனவரி 1 அன்று ரிசர்வ் வங்கி தேசியமயமானது. தனியார் பங்குதாரர்களிடமிருந்து அரசின் கைக்கு வந்தது. அந்த இடத்திலிருந்துதான் நம் கதை தொடங்குகிறது. நோட்டடிக்கும் வங்கிக்கு அரசே முதலாளியாகிவிட்டால், அரசு கேட்கும்போது இல்லை என்று யார் சொல்வது?

அரசின் வரவு செலவெல்லாம் ரிசர்வ் வங்கியில் உள்ள கணக்கு வழியாகத்தான் நடக்கும். வரி வரும் நாளும் சம்பளம் போகும் நாளும் வேறு வேறு என்பதால் இடையில் கணக்கு வறண்டுபோகும். 1955இல் இதற்கு ஒரு வசதி செய்துகொண்டார்கள். வெள்ளிக்கிழமை மாலை கணக்கை மூடும்போது அரசின் இருப்பு குறைந்தது 50 கோடி ரூபாய் இருக்க வேண்டும். அந்தக் கோட்டுக்குக் கீழே போனால், ரிசர்வ் வங்கியின் பெயருக்கு 91 நாள் கருவூல உண்டியல் ஒன்று உடனே எழுதப்படும். அதன் மதிப்புக்குச் சமமான பணம் அரசின் கணக்கில் ஏறும். இதைத்தான் ‘அட்ஹாக்’ என்பார்கள். யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. நாடாளுமன்றத்தில் விவாதம் இல்லை, சந்தையில் ஏலம் இல்லை. வாடிக்கையாளரின் கணக்கில் இருப்பு குறைந்தவுடன் காசாளரே புதிய நோட்டைப் போட்டு நிரப்பிவைப்பது போன்ற ஏற்பாடு அது. கவுண்டரில் உட்கார்ந்த எவருக்கும் இதன் ஆபத்தை விளக்க வேண்டியதில்லை.

91 நாளில் தீர வேண்டிய கடன் தீரவில்லை. முதிர்ந்த உண்டியலுக்கு மேல் புதிய உண்டியல், அதற்கு மேல் இன்னொன்று. மிகவும் சேர்ந்துவிட்டால் அவற்றை நீண்ட காலப் பத்திரமாக மாற்றிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். 1974 ஜூலை முதல் அந்த உண்டியல்களுக்கு 4.6 விழுக்காடு வட்டி என்று நிலைநிறுத்திவிட்டார்கள். நாடே இரண்டு இலக்க வட்டியில் தவித்த ஆண்டுகளிலும் அது மாறவில்லை. இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் கடனை எந்த அரசுதான் வேண்டாம் என்று சொல்லும்? நான் எந்தக் கட்சியையும் குறை கூறவில்லை. ஆண்ட எல்லாரும் அந்தக் குழாயைத் திறந்தார்கள்.

இந்த ஏற்பாடு பிறந்த ஈரம் காயும்முன்னே வந்த ஒரு மோதலை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். ஏனென்றால் அதன் ஒரு பக்கத்தில் நின்றவர் நம் ஊர்க்காரர். ஆழ்வார்பேட்டை வழியே நாம் நாள்தோறும் போகும் டி.டி.கே. சாலை, பழைய மௌபரீஸ் ரோடு, யார் பெயரைத் தாங்கியிருக்கிறதோ அந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1956இல் மத்திய நிதியமைச்சர். மறுபக்கத்தில் கவர்னர் சர் பெனகல் ராமா ராவ், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர், 1949 முதல் அந்தப் பதவியில் இருந்தவர். இன்றுவரை மிக நீண்ட காலம் கவர்னராக இருந்தவரும் அவரே.

இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் பணத்துக்குத் தவித்துக்கொண்டிருந்தது. வணிக உண்டியல்கள் மீதான முத்திரைத் தீர்வையை டி.டி.கே. உயர்த்தினார். அந்த உண்டியல்களை ஈடாக வைத்துத்தான் வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் கடன் வாங்கின. ஆகவே தீர்வை ஏறியதன் விளைவு, வட்டி அரை விழுக்காடு ஏறியதற்குச் சமம். வட்டியைத் தீர்மானிப்பது தன் வேலை என்று ராமா ராவ் எதிர்ப்புத் தெரிவித்தார். டி.டி.கே. ரிசர்வ் வங்கியை நிதி அமைச்சகத்தின் ஒரு பிரிவாகவே கருதினார், அப்படியே பேசவும் செய்தார். பிரதமர் நேரு அமைச்சரின் பக்கம் நின்றார். 1957 ஜனவரியில் ராமா ராவ் பதவி விலகினார்.

டி.டி.கே. மீது எனக்கு மதிப்பு உண்டு. தொழிற்சாலைகளும் அணைகளும் எழ வேண்டிய அவசரத்தில் இருந்த ஒரு புதிய நாட்டின் நிதிப்பெட்டி அவர் கையில் இருந்தது. வட்டி உயர வேண்டும் என்று அவர் எண்ணியதிலும் பிழையில்லை. அதே ஆண்டு மே மாதத்தில் வங்கி விகிதம் 4 விழுக்காடாக உயரத்தான் செய்தது. ஆனாலும் அந்த மோதலில் ராமா ராவ் பக்கமே நியாயம் இருந்தது என்று நினைக்கிறேன். அன்று தீர்மானமானது வெறும் அரை விழுக்காடு வட்டி விவகாரம் என்றால் மறந்துவிடலாம். வட்டியை யார் கையில் வைத்திருப்பது என்பதே தீர்மானமாகிவிட்டது. அதன்பின் பல பத்தாண்டுகள் எந்தக் கவர்னரும் அந்தக் கதவை அவ்வளவு உரக்கத் தட்டவில்லை.

நோட்டுக்குப் பின்னால் இருந்த தங்கக் காவலும் அதே காலத்தில் தளர்ந்தது. வெளியிட்ட நோட்டுகளில் ஐந்தில் இரண்டு பங்குக்குத் தங்கமும் அயல்நாட்டுப் பத்திரங்களும் இருக்க வேண்டும் என்பது 1934ஆம் ஆண்டுச் சட்டம். 1956இலும் 1957இலும் அதைத் திருத்தி, எவ்வளவு நோட்டு வெளியிட்டாலும் 200 கோடி ரூபாய்க்குத் தங்கமும் அயல்நாட்டுப் பத்திரங்களும் இருந்தால் போதும் என்று ஆக்கினார்கள். மதகின் பூட்டும் போயிற்று, கரையின் உயரமும் குறைந்தது.

இதன் பாரம் நம் கிளைகளில் எப்படி இறங்கியது என்பதை இளைய நண்பர்கள் அறிய மாட்டார்கள். அரசுக் கணக்கில் ஏறிய புதிய பணம் செலவாகி, ஒப்பந்தக்காரர் கைக்கும் ஊழியர் கைக்கும் போய், கடைசியில் வைப்புத்தொகையாக நம்மிடமே வந்து சேரும். நாம் அதைக் கடனாகக் கொடுத்தால் மறுபடி வைப்பாகி மறுபடி கடனாகிப் பெருகும். அந்தப் பெருக்கத்தைத் தடுக்க ரிசர்வ் வங்கியிடம் இருந்த ஒரே வழி, நம் கையைக் கட்டுவது. அதற்காக, வைப்பில் ஒரு பங்கை ரிசர்வ் வங்கியில் ரொக்கமாக வைக்கச் சொல்லும் சி.ஆர்.ஆர். ஏறியது, இன்னொரு பங்கை அரசுப் பத்திரம் போன்றவற்றில் போடச் சொல்லும் எஸ்.எல்.ஆர். ஏறியது. 1990களின் தொடக்கத்தில் முன்னது 15, பின்னது 38.5. வாடிக்கையாளர் நூறு ரூபாய் போட்டால் ஐம்பத்து மூன்றரை ரூபாய் கடன் மேசைக்கே வராது. சிறுதொழில் நடத்தும் மனிதர் எல்லாக் காகிதங்களையும் சரியாகக் கொண்டுவந்து நிற்பார். மேலாளர் ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்பார். அவர் மறுத்ததற்குக் காரணம் எங்கோ ஒரு வெள்ளிக்கிழமை எழுதப்பட்ட உண்டியல் என்பது அந்த மனிதருக்கும் தெரியாது, மேலாளருக்கும் தெரியாது.

1991ஐ நாம் யாரும் மறக்கவில்லை. ஏப்ரலில், இறக்குமதிக்கு எல்.சி. என்னும் கடன் உறுதிக் கடிதம் திறக்க வருபவரிடம் சரக்கு மதிப்பில் 200 விழுக்காடு ரொக்க வைப்பு வாங்கச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தது. இரண்டாவது கடற்கரைச் சாலை வியாபாரிகள் எங்களைத் திட்டித் தீர்த்தார்கள். ஜூலையில் ரூபாயின் மதிப்பு மூன்று நாள் இடைவெளிக்குள் இருமுறை குறைக்கப்பட்டது. ரிசர்வ் வங்கியின் 46.91 டன் தங்கம் ஈடாக வெளிநாடு போனது. கவர்னர் நாகர்கோவிலில் பிறந்த எஸ். வெங்கிடரமணன். ஆகஸ்டில் பணவீக்கம் 16 விழுக்காட்டைத் தாண்டியது. அக்டோபரில் வங்கி விகிதம் 12 ஆனது.

நெருக்கடி கடந்ததும், அந்த 50 கோடிக் கோட்டை அழிக்க ஒருவர் பொறுமையாக வேலை செய்தார். சி. ரங்கராஜன். திருச்சி நேஷனல் கல்லூரியிலும் சென்னை லயோலாவிலும் படித்து, பென்சில்வேனியாவில் ஆய்வுப் பட்டம் பெற்று, ஆமதாபாத்தில் பாடம் நடத்தியவர். 1982இல் துணைக் கவர்னராக ரிசர்வ் வங்கிக்குள் வந்தார். அன்றைய கவர்னர் மன்மோகன் சிங் அமைத்த சுகமய் சக்ரவர்த்தி குழுவில் அவரும் உறுப்பினர். 1985இல் வந்த அந்தக் குழுவின் அறிக்கை, அரசும் ரிசர்வ் வங்கியும் உடன்பட்டுப் பணப்பெருக்கத்துக்கு ஓர் எல்லை வகுக்க வேண்டும் என்றது. அதற்குப் பிறகும் குழாய் திறந்தே இருந்தது. காலம் சுழன்று, குழுவை அமைத்தவர் நிதியமைச்சராகவும், உறுப்பினராக இருந்தவர் 1992 டிசம்பரில் கவர்னராகவும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

1994 செப்டம்பர் 9 அன்று அரசும் ரிசர்வ் வங்கியும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அந்த ஆண்டின் இறுதியில் அட்ஹாக் உண்டியல்களின் நிகர உயர்வு 6,000 கோடியைத் தாண்டக் கூடாது. ஆண்டின் நடுவிலும் 9,000 கோடிக்கு மேல் தொடர்ந்து பத்து வேலை நாளுக்கு மேல் நிற்கக் கூடாது; நின்றால் ரிசர்வ் வங்கி கருவூல உண்டியல்களைச் சந்தையில் ஏலம் விட்டுப் பணத்தை உறிஞ்சிக்கொள்ளும். மூன்று ஆண்டுகளில் இந்த முறையே நின்றுவிடும். நின்றது. 1997 ஏப்ரல் 1 முதல், எல்லையும் வட்டியும் உள்ள வழிவகை முன்பணம் அதன் இடத்துக்கு வந்தது. அன்றைக்கு ரிசர்வ் வங்கிக்கு 62ஆவது பிறந்த நாள் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு ஒரு நெகிழ்ச்சி.

குடித்துப் பழகியவரிடம் ‘நாளையிலிருந்து நிறுத்து’ என்று சொல்லாமல், மூன்று ஆண்டு அவகாசம் தந்து, அளவுக்கு வரம்பு வைத்துக் கரை சேர்த்த பக்குவம் இதில் இருக்கிறது. சட்டத் திருத்தம்கூட அப்போது இல்லை. இரு தரப்பும் போட்ட கையெழுத்து மட்டும்தான். அதற்கு நடுவில் ஆட்சிகள் மாறின, உடன்படிக்கை மாறவில்லை. பின்னர் 2003ஆம் ஆண்டின் நிதிப் பொறுப்புச் சட்டம், அரசு புதிதாக வெளியிடும் பத்திரங்களை ரிசர்வ் வங்கி நேரடியாக வாங்குவதை 2006 ஏப்ரல் முதல் தடுத்தது. நம் கொட்டிவாக்கத்திலிருந்து அரை மணிப் பயணத்தில், கோட்டூர்புரத்தில், ராஜா செல்லையா 1993இல் நிறுவிய சென்னைப் பொருளியல் கல்வி நிலையம் இருக்கிறது. ரங்கராஜன் பின்னாளில் அதன் தலைவரானார். அந்த வாசலைக் கடக்கும்போது நாம் ஒரு நிமிடம் நின்றால் தகும்.

குழாய் மூடப்பட்ட பிறகுதான் வட்டி என்ற கருவிக்கே உயிர் வந்தது. எவ்வளவு புதிய பணம் வரப்போகிறது என்று தெரியாதவரையில் ரிசர்வ் வங்கி நிர்ணயிக்கும் வட்டி காற்றில் எழுதிய எழுத்துதான். 2013 ஆகஸ்டில் ரூபாய் டாலருக்கு 68ஐத் தாண்டி விழுந்தது; அந்த நவம்பரில் நுகர்வோர் பணவீக்கம் 11 விழுக்காட்டைத் தாண்டியது. செப்டம்பரில் கவர்னரான ரகுராம் ராஜன், வங்கிகளுக்குத் தரும் குறுகிய காலக் கடனின் வட்டியான ரெப்போ விகிதத்தை 7.25இலிருந்து 8 வரை உயர்த்தினார். உர்ஜித் படேல் குழு 2014இல் தந்த பரிந்துரையின்படி, 2016இல் சட்டமே திருத்தப்பட்டது. நுகர்வோர் பணவீக்கம் 4 விழுக்காடு, மேலும் கீழும் 2 விழுக்காடு வரை விலகலாம். வட்டியை முடிவு செய்வது ஆறு பேர் கொண்ட குழு. மூவர் உள்ளிருந்து, மூவர் வெளியிலிருந்து. ராமா ராவ் கேட்டு அறுபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

ராஜன் காலத்தில் ஓய்வூதியர்களான நம்மவர்கள் அடிக்கடி புலம்பினோம், வைப்புத்தொகை வட்டி குறைந்துவிட்டதென்று. 2016இல் ஓர் உரையில் அவர் தோசையை வைத்து விடை சொன்னார். ஒரு லட்ச ரூபாய் இருக்கிறது, தோசை 50 ரூபாய் என்றால் இன்று 2,000 தோசை. வட்டி 10, பணவீக்கமும் 10 என்றால் ஓராண்டில் 1,10,000 ரூபாய், தோசை 55. அதே 2,000தான். வட்டி 8ஆக இறங்கி, பணவீக்கம் 5.5ஆக இறங்கினால் 1,08,000 ரூபாய். தோசை 52 ரூபாய் 75 காசு. 2,047 தோசை வரும். வட்டி குறைந்தும் நாம் மேலே வந்திருக்கிறோம். திருவான்மியூர் சிற்றுண்டிச் சாலையில் உட்கார்ந்து இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்த பிறகுதான் என் நண்பர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

கட்டமைப்பு இருந்தால் மட்டும் போதாது என்பதை 2022 காட்டியது. கொரோனா காலத்தில் 4 விழுக்காட்டுக்கு இறக்கிய ரெப்போவை ரிசர்வ் வங்கி தேவைக்கு மேல் நீண்ட காலம் அங்கேயே வைத்திருந்தது என்பது என் கருத்து. ஏப்ரலில் பணவீக்கம் 7.79. மே 4 அன்று, கால அட்டவணையில் இல்லாத கூட்டத்தில் வட்டியை ஏற்றத் தொடங்கி, 2023 பிப்ரவரிக்குள் 6.5க்குக் கொண்டுபோனார்கள். இருபது ஆண்டுக்கு 40 லட்சம் வீட்டுக் கடன் வாங்கிய நம் தெருப் பிள்ளைகளுக்கு, வட்டி இரண்டரை விழுக்காடு ஏறினால் மாதத் தவணை ஆறாயிரத்துக்கு மேல் ஏறும். ஏற்றாத வங்கிகள் தவணைக் காலத்தை நீட்டின. மூன்று காலாண்டு தொடர்ந்து 6க்கு மேல் போனால் காரணம் கூறி அரசுக்கு அறிக்கை தர வேண்டும் என்பது சட்டம். 2022 நவம்பரில் முதல்முறையாக அந்த அறிக்கை போனது. அது அப்போது வெளியிடப்படவில்லை. இல்லை என்று சொல்லும் உரிமையைக் கேட்டுப் பெற்ற நிறுவனம், தவறியபோது ஏன் தவறினேன் என்று மக்களிடம் சொல்லவும் வேண்டும். அந்தக் கடிதம் வெளிவர வேண்டும் என்று இந்த மலர் வழியே கேட்கிறேன்.

அதே ஆண்டு கடலுக்கு அப்பால் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு 50 கோடிக் கோட்டின் கதை புதிதல்ல. இலங்கையின் மத்திய வங்கி ஆண்டுக்கணக்கில் அரசின் பத்திரங்களைத் தானே வாங்கிப் பணம் கொடுத்துவந்தது. வரிக் குறைப்பும் அந்நியச் செலாவணி வறட்சியும் சேர்ந்துகொண்டன. 2022 செப்டம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 விழுக்காடு. ஏப்ரலில் பொறுப்பேற்ற ஆளுநர் நந்தலால் வீரசிங்க மறுநாளே வட்டியை ஒரே அடியாக 7 விழுக்காடு ஏற்றினார். 2023இல் வந்த புதிய சட்டம், மத்திய வங்கி அரசுக்குக் கடன் தருவதையே தடை செய்தது. இந்தியா கையெழுத்தில் செய்து முடித்ததை அவர்கள் எரிவாயு வரிசையில் நின்று கற்க வேண்டியதாயிற்று.

கடைசியாக, நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குப்பம். 2025 பிப்ரவரியில் ரெப்போ குறையத் தொடங்கியபோது, எனக்கு மீன் கொடுக்கும் அம்மா தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுக் கேட்டார்: “வட்டி கொறைஞ்சிடிச்சாமே சார், எனக்குக் கொறையுமா?” அவர் வாங்கியிருப்பது தண்டல். கையில் 9,000, நாளுக்கு நூறாக நூறு நாள். ஆண்டுக் கணக்குக்கு மாற்றினால் ஏறத்தாழ 78 விழுக்காடு வட்டி. மும்பையில் ஆறு பேர் கால் விழுக்காடு குறைத்தால் அந்த நூறு ரூபாயில் ஒரு காசும் குறையாது. ஆனால் வெங்காயமும் மண்ணெண்ணெயும் ஏறினால் முதலில் அடிபடுவது அவர்தான். அவருக்குப் பஞ்சப்படி கிடையாது. பணவீக்கத்தை அடக்குவது அவருக்குச் செய்யும் நன்மை என்று நான் உறுதியாக நம்புகிறேன். வட்டி இறங்கும்போது வரும் நன்மை அவர் வாசல்வரை போவதில்லை என்பதும் உண்மை.

அவருக்கு வங்கிக் கணக்கு இருந்தது, மகளிர் குழுவிலும் பெயர் இருந்தது. கடன் விண்ணப்பம் மட்டும் இருமுறை திரும்பி வந்திருந்தது. நம் சங்கத்திலிருந்து மூன்று பேர் புதன்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு மாதா கோயில் பக்கத்து மரத்தடியில் உட்கார்ந்து படிவம் நிரப்பித் தருகிறோம். பழைய கடன் பிரிவு ஆட்கள் யாராவது நான்காவதாக வந்தால் வரிசை சீக்கிரம் நகரும். சொந்தமாகப் பேனா கொண்டுவந்தால் நல்லது.